"சூப்பர்" போடுவதை நிறுத்துங்கள், பிள்ளைகளே



பூக்காரப் பாட்டி படத்தை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று ஒரு வாரமாக இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். "யாராச்சும் ரிப்போர்ட் பண்ணிட்டாங்களா டீச்சர்?" என்கிறான் ஒருவன். "236 லைக் வாங்குன படத்தை யாராவது அழிப்பாங்களா அத்தை?" என்கிறாள் என் அண்ணன் மகள். யாரும் ரிப்போர்ட் பண்ணவில்லை. நானேதான் அழித்தேன். ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. 34 வருடம் உங்களை உட்கார வைத்துப் பேசியவள்தானே, இன்னும் ஒரு பீரியடு பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசி பெஞ்சுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பொங்கல் விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், யார் என்று கமென்டில் துப்பறிய வேண்டாம். கையில் புதுக் கேமரா. மாதத் தவணையில் வாங்கியது, இன்னும் 16 தவணை பாக்கி. அதற்கும் முன்னால் ஓர் ஆன்லைன் வகுப்புக்கு 4,999 ரூபாய் கட்டியிருக்கிறான். "வீட்டிலிருந்தபடியே போட்டோ விற்று மாதம் ஐம்பதாயிரம்" என்று விளம்பரமாம்.

ஸ்டாக் போட்டோ என்றால் என்னவென்று தெரியாத உறவினர்களுக்கு ஒரு வரி. விளம்பரம், புத்தகம், பத்திரிகை, வங்கித் துண்டுப் பிரசுரம் எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆள் அனுப்பி எடுக்க முடியாது. அதனால் ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் மாதிரி இணையக் கடைகளில் எடுத்து வைத்த படங்களை வாங்கிக்கொள்கிறார்கள். நாமும் அங்கே படம் கொடுக்கலாம். ஆனால் பரிசோதித்துத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இவன் 30 படம் அனுப்பினான். முப்பதும் திரும்பி வந்துவிட்டது.

"மெஷின்தான் டீச்சர் பாக்குது. நம்ம ஊருப் படம்னாலே ஒதுக்குறானுங்க. ஃபேஸ்புக்ல அத்தனை பேரு நல்லாருக்குன்னு சொன்ன படம் எப்படி டீச்சர் கெட்ட படமாகும்?" என்று கேட்டான். குரல் உடைந்துவிட்டது. இத்தனைக்கும் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறவன்.

என் மகனுடைய பெரிய மானிட்டரில் அந்தப் படங்களைப் போட்டுப் பார்த்தோம். போனில் பார்க்கும்போது பளிச்சென்று இருந்த கோபுரம், முழு அளவுக்குப் பெரிதாக்கியதும் உப்புத் தூவியது மாதிரி புள்ளி புள்ளியாக நின்றது. கொக்குக்குக் கண்ணே இல்லை. அடிவானம் ஒரு பக்கம் சரிந்து, கண்மாய்த் தண்ணீர் கொட்டிவிடும் போல இருந்தது. ஐந்து நிமிடத்தில் எனக்கே தெரிந்துவிட்டது. பிறகு அதே படங்களை ஃபேஸ்புக்கில் திறந்தான். ஒவ்வொன்றுக்கும் கீழே நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். "செம", "வேற லெவல்", "சூப்பர் மச்சி", வரிசையாகத் தீ பொம்மை. நடுவில் நானும் இருந்தேன். "அருமை, வாழ்த்துகள்" என்று ஒரு படம் விடாமல் எழுதியிருக்கிறேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 34 வருடத்தில் ஒரு தப்பான கணக்குக்கு நான் ரைட் போட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, போனில், படுத்துக்கொண்டே, பார்க்காமலே, வளர்ந்த பிள்ளைக்கு 30 தடவை ரைட் போட்டிருக்கிறேன். அந்த ரைட்டை நம்பித்தான் அவன் கேமராவுக்குக் கடன் வாங்கினான். வகுப்பு நடத்தியவர் 4,999 ரூபாய்க்கு ஏமாற்றினார். நாம் இலவசமாக ஏமாற்றினோம்.

குறை சொல்லும் முன் நானும் எழுதிப் பார்க்க வேண்டிய பரீட்சை அல்லவா? என்னிடம் இருந்ததில் நல்லது என்று நினைத்த பத்துப் படங்களை அப்படி ஒரு கடைக்கு அனுப்பினேன். பத்தும் ஃபெயில். முதலில் வந்தது கோபம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு வரி காரணம் போட்டிருந்தார்கள். அதை வெட்டி ஒட்டி நோட்டில் எழுதினேன். அந்த நோட்டுதான் இது.

1. அளவு போதாது. அந்தக் கடைகளில் ஆகக் குறைந்தது 4 மெகாபிக்சல் வேண்டும், அதாவது 40 லட்சம் புள்ளிகள். நம் போன் 12 மெகாபிக்சல் எடுக்கிறதே என்பீர்கள். எடுக்கிறது. ஆனால் அதைக் கணினிக்குக் கொண்டுபோக வாட்ஸ்அப்பில் நமக்கே அனுப்பிக்கொள்கிறோம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். நெல்லைக் கொடுத்துவிட்டு நொய்யை வாங்கிக்கொள்கிற வேலை. கேபிள் போட்டு ஏற்றுங்கள், இல்லையென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

2. ஃபோகஸ் இல்லை. இரண்டு விரலால் திரையை இழுத்துப் பெரிதாக்குவதை ஜூம் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலான போன்களில் ஒரு அளவுக்கு மேல் அது ஜூமே இல்லை, படத்தின் நடுத்துண்டை வெட்டி ஊதிக் காட்டுவது. கொக்குக்குக் கண் இல்லாமல் போனது அப்படித்தான். காலால் நடந்து கிட்டே போங்கள். போக முடியாவிட்டால் கொக்கை விட்டுவிட்டு கண்மாயை எடுங்கள். எதை எடுக்கிறோமோ அந்த இடத்தில் விரலால் தொட்டு, மூச்சை அடக்கி எடுங்கள். அதற்கும் முன்னால் லென்சைப் பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். சமையல் கையோடு போனை எடுக்கிற என் மாதிரி ஆட்களுக்கு இது முதல் பாடம்.

3. நாய்ஸ். அந்தக் காலத்தில் ராத்திரி ரேடியோவில் தூரத்து ஸ்டேஷனைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து கூடுமே, அதேதான். வெளிச்சம் குறைவாக இருந்தால் கேமரா கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. இரைச்சலும் பெருகுகிறது. கோபுரத்தில் உப்புத் தூவியது அதுதான். பகலில் எடுங்கள், அல்லது போனை எதிலாவது ஊன்றி, ஆடாமல், நிதானமாக எடுங்கள்.

4. வெள்ளை எரிந்துவிட்டது. உச்சி வெயிலில் வேட்டி கட்டியவரை எடுத்தால் வேட்டியில் மடிப்பே தெரியாது, வெறும் வெள்ளைத் தாள். அங்கே தகவலே பதியவில்லை. பிறகு எந்த ஆப்பில் போட்டாலும் திரும்பாது. திரையில் வேட்டியைத் தொட்டால் சூரியன் குறி வரும், அதைக் கீழே இழுங்கள். அதைவிட நல்லது, காலை எட்டரைக்கு முன்னால் எடுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் நாலரைக்கு மேல்.

5. அதிகப்படியான திருத்தம். என் வயல் படத்தில் நெற்பயிரைக் கிளிப்பச்சை ஆக்கியிருந்தேன். உலகத்தில் அப்படி ஒரு பயிர் இல்லை. படத்தை வாங்குகிறவர் அவருக்கு வேண்டிய நிறத்தை அவரே ஏற்றிக்கொள்வார். நாம் ஏற்றியதை அவரால் இறக்க முடியாது. உப்புக் குறைந்தால் போட்டுக்கொள்ளலாம், கூடினால் என்ன செய்வது?

6. ஒன்றையே பத்தாக அனுப்பியது. ஒரே அஸ்தமனத்தை 14 தடவை எடுத்து நாலை அனுப்பினேன். வீட்டிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கத் தெரியாதவர் வேலையைப் பரிசோதகர் தலையில் கட்டுகிறார்.

7. அடுத்தவர் சொத்து. டீக்கடைப் படத்தில் குளிர்பானக் கம்பெனிப் பெயர், பையன் சட்டையில் செருப்புக் கம்பெனி முத்திரை, சுவரில் சினிமா போஸ்டர். விளம்பரத்துக்கு விற்கும் படத்தில் இவை இருக்கக் கூடாது. பாரிஸின் ஐஃபில் கோபுரத்தைப் பகலில் எடுத்தால் பிரச்சினை இல்லை. ராத்திரி எடுத்தால் அதில் எரியும் விளக்கு அலங்காரத்துக்குக் காப்புரிமை உண்டு. "ஊரே பார்க்கிறதுதானே" என்பது பதில் ஆகாது.

8. சொல் சரியில்லை. படத்தோடு தேடல் சொற்கள் கொடுக்க வேண்டும், 50 வரை கொடுக்கலாம். என் கோலப் படத்துக்கு "அழகு, பண்பாடு, காலை, மகிழ்ச்சி" என்று எழுதிவைத்தேன். வாங்குகிறவர் மகிழ்ச்சி என்று தேடிக் கோலத்துக்கு வர மாட்டார். அரிசி மாவு, புள்ளிக் கோலம், பெண்ணின் கை, வாசல், பொங்கல், தமிழ்நாடு. படத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும். "படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதுக" என்று உங்களை எத்தனை தடவை எழுத வைத்திருப்பேன்! எனக்கே வரவில்லை.

இந்த எட்டில் ஒன்றுக்காவது ஒன்றரை லட்ச ரூபாய்க் கேமரா வேண்டுமா, சொல்லுங்கள். வேண்டியது துடைத்த லென்ஸ், காலை வெளிச்சம், பெரிதாக்கிப் பார்க்கும் பொறுமை. இவ்வளவுதான். இந்த எட்டில் ஒன்றையாவது 236 பேரில் ஒருவர் சொன்னீர்களா?

நம் பள்ளிக் கம்ப்யூட்டர் அறை ஞாபகம் இருக்கிறதா? மவுசைத் தொடும் முன் செருப்பைக் கழற்றச் சொல்வேனே, அந்த அறை. திரையைப் போட்டதும் ஒரு பச்சை மேடு, மேலே நீல வானம், வெள்ளை மேகம். கம்ப்யூட்டரில் வரைந்த படம் என்றுதான் நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். அது ஒரு ஸ்டாக் போட்டோ. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சோனோமா பகுதியில் 1996இல் சார்லஸ் ஓ'ரியர் என்பவர் காரில் போகும்போது நிறுத்தி, இறங்கி, பிலிம் கேமராவில் எடுத்தது. ஒரு ஸ்டாக் நிறுவனத்திடம் கொடுத்து வைத்திருந்தார். பிற்பாடு மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி விண்டோஸ் எக்ஸ்பியில் போட்டது. நிறம் எதையும் கூட்டவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். நல்ல கேமராதான், மறுக்கவில்லை. ஆனால் நேஷனல் ஜியாகிரபிக் இதழுக்குப் பல வருடம் படம் எடுத்த கண் அது. எப்போது காரை நிறுத்த வேண்டும் என்று அந்தக் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. கண்ணைத் தவணையில் வாங்க முடியாது.

இப்போது அந்த ஐம்பதாயிரக் கணக்கைப் போடுவோம். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் பங்கு முறையை மாற்றியது. 15 விழுக்காட்டில் தொடங்கி 40 வரை ஆறு படி. எந்தப் படியில் இருந்தாலும் ஜனவரி 1 அன்று மறுபடி முதல் படி. ஒரு டவுன்லோடுக்கு 10 சென்ட் என்றுகூட வரும். நம் பணத்தில் தோராயமாக எட்டு ரூபாய், ஒரு டீக்குக் காணாது. எட்டு ரூபாய் வீதம் ஐம்பதாயிரம் சேர மாதம் எத்தனை டவுன்லோடு வேண்டும்? வகுத்துப் பாருங்கள். 6,250. கையில் 30 படம் வைத்திருப்பவனிடம் இதைச் சொல்லாமல் பணம் வாங்குகிறவரை நான் ஆசிரியர் என்று சொல்ல மாட்டேன். நானும் டிப்ளமா படித்து வந்தவள்தான். பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம், பிள்ளைக்கு எது தெரியாது என்று முதலில் கண்டுபிடி என்பது. அந்த வகுப்புக்காரர்கள் கண்டுபிடிப்பது பிள்ளையிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை மட்டும்தான்.

இனி உங்கள் எதிர்க்கேள்விகள். கேட்பீர்கள் என்று தெரியும்.

"ஊக்கப்படுத்துறது தப்பா டீச்சர்?" தப்பில்லை. ஆனால் ஊக்கம் என்பது நோட்டைத் திறந்து கடைசிப் பக்கம் வரை படிப்பது. உங்கள் கட்டுரை நோட்டில் நான் சிவப்பு மையில் வட்டம் போட்டது உங்களைப் பிடிக்காமலா? ஒவ்வொரு வட்டத்துக்கும் நான் அந்த வரியைப் படித்திருக்க வேண்டும். "சூப்பர்" போட எதையும் பார்க்க வேண்டாம். பாராட்டுக்குப் பின்னால் ஒரு நொடி உழைப்புகூட இல்லையென்றால் அது பாராட்டு இல்லை, கையசைத்துவிட்டுப் போவது.

"வெளிநாட்டுக் கம்பெனி யாரு நம்ம படத்துக்கு மார்க் போட?" நியாயமான கேள்வி. என் அம்மாவுக்கு ஒரே ஒரு படம்தான் உண்டு. திருவிழாவில் யாரோ எடுத்தது. முகம் கலங்கி, பாதி இருட்டில் இருக்கும். எந்தக் கடையும் அதை வாங்காது. நானும் எந்த விலைக்கும் விற்க மாட்டேன். அந்தப் பரிசோதகர் உங்கள் நினைவுக்கு மார்க் போடவில்லை, சரக்குக்குத்தான் போடுகிறார். குடும்பப் படத்துக்கு அந்த அளவுகோல் வேண்டவே வேண்டாம். ஆனால் விற்கக் கொண்டுபோனால் தராசில் ஏறித்தான் ஆக வேண்டும். சந்தையில் கத்தரிக்காய் விற்பவர் "இது எங்கள் தோட்டத்தில் பாசமாக வளர்ந்தது" என்று சொத்தைக் காயை விற்க முடியுமா? சில நேரம் பரிசோதகரும் தப்புச் செய்வார், மெஷினும் தப்புச் செய்யும். விடைத்தாள் திருத்துவதிலும் நடப்பதுதான். அதற்காகத் தன் விடையைத் திரும்பப் படிக்காமல் இருப்பவன் தேறுவதில்லை.

"இனிமே எல்லாம் ஏஐ போட்டுடும் அத்தை." போடுகிறதே. ஏஐ படங்களை அடோபி ஸ்டாக் 2022 டிசம்பரிலிருந்து அடையாளக் குறிப்போடு ஏற்றுக்கொள்கிறது. பிழைப்பு இன்னும் சுருங்கும். அதனால்தான் கடன் வாங்காதே என்கிறேன். கற்றுக்கொள்ளாதே என்று சொல்லவில்லை.

இப்போது பூக்காரப் பாட்டிக்கு வருகிறேன்.

நான் அனுப்பிய பத்தில் அந்தப் படமும் ஒன்று. பஸ் ஸ்டாண்டு வாசலில் உட்கார்ந்து, நாரைப் பல்லில் கடித்து, மல்லிகை கட்டிக்கொண்டிருப்பார். பக்கவாட்டில் காலை வெளிச்சம். ஃபோகஸ் சரி, அளவு சரி, நிறம் சரி. அது ஒன்றாவது தேறும் என்று நம்பியிருந்தேன். அதற்கு வந்த காரணம் வேறு. மாடல் ரிலீஸ் எங்கே என்று கேட்டார்கள். படத்தில் முகம் தெரிகிறவர், "இதை விளம்பரத்துக்குப் பயன்படுத்த எனக்குச் சம்மதம்" என்று கையெழுத்துப் போட்ட தாள். குழந்தை என்றால் பெற்றோர் போட வேண்டும்.

இது என்ன பெரிய விஷயம் என்று தாளைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். பாட்டிக்குப் படத்தைக் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு, "இது எங்கன டீச்சர் இருக்கு? யாரு யாரு பாத்தாக?" என்று கேட்டார். ஃபேஸ்புக்கைப் பற்றிச் சொன்னேன், 236 என்று பெருமையாகவே சொன்னேன். பூக் கட்டுகிற கை நின்றுவிட்டது. "என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார். தான் அங்கே உட்கார்ந்திருப்பது யாருக்குத் தெரியக் கூடாது என்று ஒரு காரணமும் சொன்னார். அது அவர் வீட்டு விஷயம், எழுத மாட்டேன். அந்த இடத்திலேயே நின்று படத்தை அழித்தேன். ஷேர் பண்ணிய 11 பேரையும் போனில் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். மீதி எங்கெங்கே போயிருக்கிறதோ!

அவர் பெயரே எனக்கு அன்றுதான் தெரியும். எட்டு வருடமாக அவரிடம் பூ வாங்குகிறேன்.

"உழைப்பின் அழகு" என்று அந்தப் படத்துக்குத் தலைப்பு வைத்தேன். நீங்கள் "கண்ணீர் வந்துவிட்டது டீச்சர்" என்று எழுதினீர்கள். 236 பேரில் ஒருவருக்கும், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், "அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்று கேட்கத் தோன்றவில்லை. முகம் தெரியாத ஒரு பரிசோதகருக்குத் தோன்றியது. அவர் கம்பெனியின் வழக்குச் செலவுக்குப் பயந்துதான் கேட்டிருப்பார், எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டார்.

ஏழைக் கிழவி, அழுக்குச் சட்டைக் குழந்தை, வெற்றிலை போட்ட பல் என்று தேடித் தேடி எடுத்து லைக் வாங்குகிற தம்பிகளே, இது உங்களுக்கும்தான். உன் அம்மா ரேஷன் கடை வரிசையில் நிற்பதை ஒருவன் கேட்காமல் எடுத்து "வாழ்க்கைப் போராட்டம்" என்று போட்டால் சும்மா இருப்பாயா?

அந்த மாணவன் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். இரண்டு மாதம் ஞாயிறுதோறும் வந்தான். மானிட்டரில் முழு அளவில் வைத்து, நான் அவன் படத்தையும் அவன் என் படத்தையும் திருத்தினோம். டீச்சர் படத்தில் தப்புச் சொல்ல முதலில் கூசினான், இப்போது கூசுவதில்லை. மறுபடி 12 அனுப்பினான், ஐந்து தேறியது. இதுவரை விற்றது இரண்டே இரண்டு. ஆனால் ஊரில் ஒரு பலகாரக் கடைக்கு முறுக்கும் அதிரசமும் படம் எடுத்துக் கொடுத்ததில் ஒரு தவணை கட்டியிருக்கிறான். இன்னும் பாக்கி இருக்கிறது. வெற்றிக் கதை இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வீட்டுப்பாடம் கொடுக்காமல் விட மாட்டேன். இனி யாராவது படம் போட்டால், பெரிதாக்கிப் பாருங்கள். நன்றாக இருப்பது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று, இரண்டையும் எழுதுங்கள். இல்லையென்றால் பேசாமல் கடந்து போங்கள், அதுவும் மரியாதைதான். படத்தில் மனிதர் இருந்தால் "கேட்டீங்களா?" என்று கேளுங்கள். முதலில் என்னைக் கேளுங்கள். நாளைக்குக் காலையில் ஒரு படம் போடுகிறேன். எங்கள் வீட்டுச் செம்பருத்தி, சம்மதம் கேட்க வேண்டியதில்லை. அதில் மூன்று தப்பு இருக்கிறது. கண்டுபிடித்து எழுதுங்கள்.

"சூப்பர்" என்று எழுதுகிறவர்கள் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும். வயது வித்தியாசம் கிடையாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்